லடாக் போஸ்டிங் கிடைத்த வீரருக்கு: புறப்படும் நாள் முதல் திரும்பும் நாள் வரை உடம்பைக் காக்கும் வழி

போஸ்டிங் ஆர்டர் வந்ததும் வீட்டில் முதலில் வாங்குவது ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும்தான். அம்மாவுக்குக் குளிரை நினைத்துத்தான் பயம். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டண்டாக இருந்து, பணிக்காலத்தில் பெரும்பகுதியை மலைமுனை எம்.ஐ. ரூம்களில், அதாவது யூனிட்டின் சிகிச்சை அறைகளில், கழித்தவன் நான். என் கணக்கில் குளிர் இரண்டாவது எதிரி. முதல் எதிரி கண்ணுக்குத் தெரியாது, தோலில் உறைக்காது. அது அங்கே உள்ள காற்றின் மெலிவு.

லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் அங்கே சுமார் 65 சதவீதம்தான் கிடைக்கும். 5,500 மீட்டருக்குப் போனால் பாதியாகிவிடும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஒன்றுதான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் வந்து சேரும் அளவு சுருங்கிவிடுகிறது. இதற்கு உடம்பு பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். கீழே எழுதியிருப்பதில் பாதி, அந்த நாட்களை எப்படிக் கொடுப்பது என்பது பற்றியதுதான்.

நாள் கொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் ராணுவம் உயிர் கொடுத்துக் கற்றது. 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து வீரர்கள் அவசர அவசரமாக மலைக்கு ஏற்றப்பட்டார்கள். குண்டடி படாமலேயே பலர் மூச்சுத்திணறியும் நினைவு தப்பியும் விழுந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 3,350 மீட்டருக்கு மேல் நோயுற்ற 1,925 இந்திய வீரர்களின் விவரங்களைத் தொகுத்து 1969-இல் வெளியிட்டார்கள். மலை நோய் பற்றி உலக மருத்துவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. இப்போது நீங்கள் மேலே போனதும் முதல் இரண்டு நாள் "படுத்து ஓய்வெடு" என்று சுபேதார் சாப் உத்தரவு போடுகிறார் என்றால், அதன் பின்னால் அந்த அனுபவம் நிற்கிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருந்து எது, எவ்வளவு என்பதை உங்கள் யூனிட் மருத்துவரான ஆர்.எம்.ஓ. தான் முடிவு செய்வார். இங்கே நான் எழுதுவது, அவரிடம் எப்போது போக வேண்டும், போகும்வரை என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைத்தான்.

படி 1: ஊரிலிருந்து புறப்படும் முன்

முழு உடல்தகுதியைக் குறிக்கும் ஷேப்-1 மருத்துவப் பிரிவில் இருப்பது மட்டும் போதாது. கடைசி மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஏதாவது மாறியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சளி, காய்ச்சல், நெஞ்சுச்சளி இருக்கும்போது மேலே ஏறுவது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டும். ஒரு வாரம் தள்ளிப் போனால் யாரும் உங்களைக் கோழை என்று சொல்லப்போவதில்லை. முன்பு மலையில் மூச்சுத்திணறல் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வர வாய்ப்பு அதிகம்.

சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். மலை நோயைத் தடுக்க மருத்துவர்கள் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைச் சாப்பிட்டால் விரல் நுனி சுறுசுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடாவின் ருசி மாறிப்போகும். பயந்து நிறுத்திவிட வேண்டாம், அதன் இயல்பு அப்படி.

தடுப்பூசிகளை யூனிட்டே பார்த்துக்கொள்ளும். உங்கள் அட்டையில் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல்லை மட்டும் நீங்களே கவனிக்க வேண்டும். சொத்தைப் பல்லோடு பனிமுனைக்குப் போய், பாதை அடைபட்ட மாதத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் அரை நாளில் முடிகிற வேலை அது.

புகை பிடிப்பவர்கள் இப்போதே விட்டுவிடுங்கள். சிகரெட் விரல் நுனியின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். பனிக்கடி முதலில் தேடி வருவதும் அந்த விரல் நுனிகளைத்தான்.

படி 2: முதல் ஆறு நாள்

மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்தப் பகுதி நினைவில் இருக்கட்டும். ராணுவத்தில் உயரப் பழக்கம் மூன்று கட்டங்களாக நடக்கும்.

முதல் கட்டம் 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை, 6 நாள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் நடப்பதோடு சரி. மூன்றாவது, நான்காவது நாள் சமதளத்தில் மெதுவாக ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் நடக்கலாம், ஏற்றம் கூடாது. ஐந்தாவது, ஆறாவது நாள் ஐந்து கிலோமீட்டர் வரை நடையும் 300 மீட்டர் வரை மெதுவான ஏற்றமும்.

இரண்டாம் கட்டம் 12,000 முதல் 15,000 அடி வரை, 4 நாள். இரண்டு நாள் மெதுநடை, மூன்றாம் நாள் 300 மீட்டர் ஏற்றம், நான்காம் நாள் அதே ஏற்றம் சுமையோடு. 15,000 அடிக்கு மேல் மூன்றாம் கட்டம். அதுவும் இதே முறையில் 4 நாள்.

ஆக மொத்தம் 14 நாள். இந்த நாட்களில் குளிக்கும் ஆசை, வாலிபால் ஆசை, "எனக்கு ஒன்றும் இல்லை, பத்து கிலோமீட்டர் ஓடுகிறவன் நான்" என்கிற வீம்பு எல்லாம் வரும். ஓட்டத்தில் முதலாவதாக வருபவனை மலை நோய் விட்டுவிடும் என்று நினைப்பது தவறு. உடல்வலு இதற்குக் காப்பல்ல. வலுவுள்ளவன்தான் வேகமாக ஏறுகிறான், தலைவலியைச் சொல்லாமல் தாங்குகிறான், கடைசியில் ஸ்ட்ரெச்சரில் வருகிறான்.

மது தொடவே கூடாது. தூக்க மாத்திரையும் கூடாது. இரண்டும் தூக்கத்தில் மூச்சை அடக்கிவிடும்.

படி 3: தலைவலியை மறைக்காதீர்கள்

மலைக்குப் போன முதல் நாள் தலைவலி, பசியின்மை, குமட்டல், களைப்பு, தூக்கம் வராமை எல்லாம் பலருக்கும் வரும். அங்கேயே நின்று ஓய்வெடுத்தால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். தலைவலியோடு இன்னும் மேலே ஏறுவதுதான் ஆபத்து. அறிகுறி இருக்கும்வரை ஒரு அடிகூட மேலே போகக் கூடாது. நின்ற பிறகும் கூடினால் கீழே இறங்க வேண்டும். இதில் விலக்கே கிடையாது.

இதற்கு மேல் இரண்டு நிலைகள் உண்டு. யூனிட்டில் அவற்றை ஹேப்போ, ஹேக்கோ என்பார்கள். ஹேப்போ என்பது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. ஹேக்கோ என்பது மூளை வீங்குவது. இரண்டும் சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

ஒரு மாலையைச் சொல்கிறேன். தென் மாவட்டத்துப் பையன் ஒருவன், யூனிட் கபடி அணியில் ஆடுபவன், மேலே வந்து மூன்றாவது நாள். வரிசையில் நிற்கும்போது இருமினான். கேட்டேன். "தூசி அண்ணா, வேறொன்றும் இல்லை" என்றான். பேச்சை அப்படியே விட்டுவிட்டு அவன் பூட்ஸ் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பூட்ஸைக் கட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை நிமிர்ந்து மூச்சு வாங்கினான். உதடு நாவற்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், காதருகே தலைமுடியை விரலிடையில் தேய்க்கும்போது கேட்குமே, அந்தச் சரசரப்பு. நெஞ்சின் அடிப்பகுதி முழுக்க அதே சத்தம். உடனே ஆக்சிஜன் மாட்டி, நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றினோம். இரவோடு இரவாகக் கீழே மருத்துவமனைக்குப் போனான். பிழைத்துக்கொண்டான். பிறகு கேட்டபோதுதான் சொன்னான், முதல் இரவிலிருந்தே தலைவலியாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அவனிடம் நான் பார்த்ததையே நீங்களும் உங்கள் பக்கத்து ஆளிடம் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? வறட்டு இருமல் வந்து, பிறகு நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி வருகிறதா? உதடும் நகமும் நீலம் பாய்ந்திருக்கிறதா? படுத்தால் மூச்சுமுட்டி எழுந்து உட்காருகிறானா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹேப்போ என்றே வைத்துக்கொண்டு உடனே எம்.ஐ. ரூமுக்குத் தூக்கிச் செல்லுங்கள். பெரும்பாலும் இது மேலே போன இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள், அதுவும் இரவில் முற்றும்.

மூளை வீக்கத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், உளறினால், பொத்தானைப் போடத் தடுமாறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அது குடிபோதை போலத்தான் தெரியும். அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடப்பட்டவர்கள் எழாமலே போயிருக்கிறார்கள்.

மருத்துவம் ஆக்சிஜனும் கீழே இறக்குவதும்தான். ஆயிரம் மீட்டர் இறங்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பனிப்புயலில் இறக்க முடியாவிட்டால், ஆளை உள்ளே படுக்க வைத்துக் காற்றடித்து அழுத்தத்தைக் கூட்டும் பை ஒன்று முனைகளில் இருக்கும். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அதன் பம்பை எப்படி மிதிப்பது என்பதை நோயாளி வருவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் காட்டும் எண்ணைச் சென்னைக் கணக்கோடு ஒப்பிட வேண்டாம். லேயில் புதிதாக வந்தவருக்கு 88, 90 என்று காட்டுவது சாதாரணம். கூட வந்த எல்லோருக்கும் 88 இருக்க, ஒருவனுக்கு மட்டும் 72 என்றால் அதுதான் செய்தி.

படி 4: கால் விரல்கள்

பனிக்கடி வருவதற்கு முன் விரல் வலிக்கும், பிறகு மதமதக்கும், பிறகு வலி நின்றுவிடும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். வலி நின்றது நல்லதென்று நினைத்துவிடுகிறார்கள். வலி நின்று, விரல் வெளுத்து மெழுகு போல ஆனால் உறையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தடுப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. ஈரமான சாக்ஸோடு ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். ரோந்து முடிந்து வந்ததும் முதல் வேலை சாக்ஸ் மாற்றுவது, டீ அதற்குப் பிறகுதான். ஈர சாக்ஸைக் கோட்டுக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். பூட்ஸ் இறுகக் கூடாது. குளிருக்குப் பயந்து மூன்று சாக்ஸைத் திணித்து ரத்த ஓட்டத்தை நெரித்துக்கொண்டவர்கள் உண்டு. சென்ட்ரி டூட்டியில் நிற்கும்போது பூட்ஸுக்குள் விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள். வெறுங்கையால் துப்பாக்கி இரும்பைத் தொடாதீர்கள்.

இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் காலை ஒருவர் பார்க்க வேண்டும். பத்து விரலும், விரலிடுக்கும், குதிகாலும். தன் காலைத் தானே பார்ப்பதைவிட இது மேல், களைத்தவன் கண் தன் காலைப் பார்க்காது.

வந்துவிட்டால் செய்யக் கூடாதவை மூன்று: பனியால் தேய்ப்பது, கையால் தேய்ப்பது, அடுப்பருகே காட்டுவது. உணர்ச்சியற்ற தோல் வெந்தாலும் தெரியாது. லேசான வெளுப்பு என்றால் தோழனின் அக்குளில் விரலை வைத்தால் போதும். ஆழமாக உறைந்திருந்தால் 37 முதல் 39 டிகிரி சூட்டில், அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். உயிர் திரும்பும்போது கடும் வலி வரும், அதற்கு மருந்து உண்டு. ஆனால் மீண்டும் உறையும் வாய்ப்பு இருந்தால் இளக்கவே கூடாது. உறைந்த காலோடு நடந்து இறங்கலாம். இளகிய கால் மறுபடி உறைந்தால் விரலைக் காப்பாற்றுவது கடினம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

படி 5: புகாரி

மண்ணெண்ணெயில் எரியும் அந்த அடுப்பைத்தான் மலைமுனையில் புகாரி என்கிறார்கள். பங்கருக்குள் அதுதான் தாய்மடி. அதுவே கொல்லவும் கொல்லும். குளிர் வருகிறதென்று எல்லாத் துவாரத்தையும் சாக்குத்துணியால் அடைத்துவிட்டு எரியவிட்டுத் தூங்கினால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு நிறமும் மணமும் இல்லாமல் நிரம்பிவிடும்.

தூங்கும் முன் அணைத்துவிடுங்கள். எரியும்போது கையளவு திறப்பு எப்போதும் இருக்கட்டும், பனிப்பொழிவுக்குப் பின் புகைக்குழாயின் வாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பங்கரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே வந்ததும் தெளிந்தால் அது மலை நோய் அல்ல, புகைதான். அந்த நேரத்தில் விரல் மீட்டரை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்றே அது காட்டும்.

படி 6: தண்ணீர், சோறு, கண்

வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சோடும் உடம்பின் ஈரம் போய்க்கொண்டே இருக்கும், தாகம் மட்டும் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் குடியுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும். தண்ணீர் குறைந்து, ரத்தம் தடித்து, பங்கருக்குள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

பனியை உருக்கிய நீர் சுத்தமாகத் தெரியும். ஆனாலும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். லேயில் தண்ணீர் 88 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், மூன்று நிமிடம் தளதளக்க விடுங்கள். அரிசிக்குத்தான் அது போதாது. குக்கர் இல்லாமல் வடித்தால் பருக்கை நடுவில் அரிசியாகவே நிற்கும், வயிறு உப்பும். பசி இல்லாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் ஊரிலிருந்து கொண்டுபோவதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். தட்டில் இருப்பதை உள்ளே தள்ள அது உதவும்.

கறுப்புக் கண்ணாடியை மேகமூட்டத்திலும் கழற்றாதீர்கள். புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். கண் எரிச்சல் அப்போதே தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலைக் கொட்டியது போல இரவில் தொடங்கும். கண்ணாடி உடைந்துவிட்டால் அட்டையில் மெல்லிய கீற்று கிழித்துக் கண்ணில் கட்டிக்கொள்ளுங்கள்.

படி 7: மனமும் வீட்டுத் தொலைபேசியும்

இரவில் மூச்சு நின்று நின்று வருவதால் திடுக்கிட்டு விழிப்பது உயரத்தில் சாதாரணம். அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வாரக்கணக்கில் தூங்காமல், பேசாமல், சாப்பாட்டைத் தள்ளிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துத்தான். அவனோடு டூட்டி மாற்றிக்கொண்டாவது கூட இருங்கள், ஆர்.எம்.ஓ.விடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம். படையினருக்கென்றே 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் ஒரு தனிப் பிரிவும் தொடங்கப்பட்டிருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் பேசக் கிடைக்கும்போது வரப்புச் சண்டையையும் நகைக் கடன் தவணையையும் மட்டுமே அவனிடம் கொட்டாதீர்கள். அங்கிருந்து அவனால் எதையும் தீர்க்க முடியாது, இரவு முழுக்க அதையே மென்றுகொண்டிருப்பான். நிலப் பிரச்சினைக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பணியில் இருப்பவரின் குடும்பத்தாரிடமும் மனு வாங்குவார்கள். "சாப்பிட்டாயா" என்று கேட்பதோடு "தலைவலி இருக்கிறதா, கால் விரலில் உணர்ச்சி இருக்கிறதா" என்றும் கேளுங்கள். மேலதிகாரியிடம் மறைப்பதை அம்மாவிடம் சொல்லிவிடுவார்கள்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி உயிர்நீத்த வீரர்கள் பத்துப் பேரில் நால்வர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில் எத்தனை வீடுகளில் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பனிச்சரிவு நம் கையில் இல்லை. மேலே எழுதிய மற்றவை பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன.

படி 8: லீவு முடிந்து திரும்பும்போது

"நான் ஏற்கெனவே ஆறு மாதம் இருந்தவன்" என்று லீவிலிருந்து திரும்பி நேராக வேலையில் இறங்குபவரை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பழகிய உடம்பு கீழே இறங்கிய சில வாரங்களில் பழக்கத்தை விட்டுவிடும். பத்து நாளுக்குள் திரும்பினால் புதிதாக எதுவும் தேவையில்லை. பத்து நாள் முதல் நான்கு வாரம் வரை கீழே இருந்திருந்தால் 4 நாள் மறுபழக்கம் வேண்டும், அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு. நான்கு வாரத்துக்கு மேல் என்றால் முதலிலிருந்து முழுவதும். காலையில் சென்னையில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, அதே நாளில் லேயில் இறங்க முடிகிற காலம் இது. உடம்புக்கு அந்த வேகம் கிடையாது.

படி 9: இறங்கி வரும்போது

பதவிக்காலம் முடிந்து கீழே வந்ததும் சில நாள் களைப்பும் தூக்கமும் இருக்கும். மிக உயரத்தில் மாதக்கணக்கில் இருந்தவருக்கு முகமும் காலும் வீங்கினால் அதை எளிதாக விடக் கூடாது. 5,800 மீட்டருக்கு மேல் நீண்ட நாள் இருந்த இந்திய வீரர்களுக்கு இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்து நீர் கோப்பதை 1990-இலேயே நம் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீழே வந்தால் அது சரியாகிவிடும், ஆனாலும் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பனிக்கடி பட்ட விரல் பல ஆண்டுகள் குளிரைத் தாங்காது. அடுத்த போஸ்டிங்கில் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, காகிதங்கள். ஹேப்போவோ, பனிக்கடியோ, விழுந்து பட்ட அடியோ எதுவாக இருந்தாலும் மருத்துவப் பதிவில் ஏற்றாமல் கீழே வராதீர்கள். "சின்னக் காயம்தானே" என்று விட்டுவிட்டு, பதினைந்து ஆண்டு கழித்து ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குச் சாட்சி தேடி அலைந்த ஹவில்தார்களோடு நானும் அலைந்திருக்கிறேன். மருத்துவமனை டிஸ்சார்ஜ் அட்டை, காய அறிக்கை, மருத்துவக் குழுவின் முடிவு மூன்றையும் நகலெடுத்து ஒரு தொகுப்பை உங்கள் பெட்டியிலும் இன்னொன்றை வீட்டு பீரோவிலும் வையுங்கள். அது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மனைவியிடமோ அம்மாவிடமோ காட்டிவிடுங்கள்.